நேரம் கேட்காமல் எழுதிய ரிப்போர்ட்

காரைக்குடிக்குள்ளேயே இப்போது குழந்தையின்மைக்கென்று தனி மருத்துவமனை வந்துவிட்டது. அங்கே லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண், என்னோடு முன்பு வேலை செய்தவரின் மருமகள், போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். அவர்களிடம் விந்தணுக்களைத் தானாகவே எண்ணித் தாளில் அச்சடித்துக் கொடுக்கும் மிஷின் இருக்கிறதாம். "அந்தக் காலத்துல மிஷின் இல்லாம எப்படி எண்ணுனீங்க, மாமா? எழுதிக் குடுங்களேன், எங்க லேப்காரங்க சங்கத்து மலர்ல போடலாம்" என்றாள்.

எண்ணுவதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. ரத்த அணுக்களை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடித் தகடு ஒன்று உண்டு. அதே தகட்டில்தான் இதையும் எண்ணினோம். எண்ண வேண்டிய பொருள் உயிரோடு வந்து சேர்வதுதான் சிரமம். அந்தச் சிரமத்தைப் பற்றியும், அதில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும் எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு வருடம் லேப் வேலை படித்தேன். ரத்தம், சிறுநீர், சளி என்று பழகியதில் வருடம் ஓடிவிட்டது. விந்துப் பரிசோதனைக்கு எங்களுக்குக் கிடைத்தது அரை நாள். சொல்லிக் கொடுத்தவர் பாதியைச் சொல்லாமலே சிரித்து முடித்துவிட்டார். அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். லேப் என்பது ஒரு மைக்ராஸ்கோப்பும், ரத்தத்தைப் பிரிக்கக் கையால் சுற்றும் சென்ட்ரிஃபியூஜும், ஸ்பிரிட் விளக்கும் இருந்த ஓர் அறை. அதில் நான் ஒருவன்தான். ஊர் சனங்களுக்கு ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்ட ஆண் யாராயிருந்தாலும் கம்பவுண்டர்தான். என்னையும் அப்படியே கூப்பிட்டார்கள்.

நான் சேர்ந்த மறு வருடம் டாக்டர் மனோன்மணி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஐந்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் குரலை உயர்த்தமாட்டார். அவர் வந்த முதல் வாரமே ஒரு மாற்றம் நடந்தது. பிள்ளை இல்லை என்று வரும் பெண்களுக்குத் தனிச் சீட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சேர்த்து ஒரே சீட்டாகப் போட்டார். அதில் ஆண் பெயர் முதலில் இருக்கும். சீட்டைப் பார்த்த மாமியார்கள் முகம் சுளித்தார்கள். "நோவு இவளுக்கு. எம் மகன் பேரை எதுக்கு எழுதுறீக?" என்று ஓர் அம்மாள் கேட்டார்.

"பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே வேணும்?" என்று டாக்டர் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

அதற்கு முன்பு அந்தப் பெண்களுக்கு வைத்தியம் என்பது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதுதான். ஓரிடத்தில் செய்து பலிக்கவில்லை என்றால் இன்னோர் ஊரில் போய் மறுபடியும் செய்துகொள்வார்கள். மூன்று முறை செய்துகொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய புருஷன்மார் ஒரு முறைகூட ஆஸ்பத்திரி வாசல் ஏறியிருக்கமாட்டார்கள். டாக்டர் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். ஆண் பரிசோதனை முடியாமல் பெண்ணுக்குக் கத்தி, ஊசி எதுவும் கிடையாது. ரிப்போர்ட் டாக்டர் கைக்குத்தான் போகவேண்டும். அவர் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்வார். ஒருவரிடம் மட்டும் சொல்வதில்லை.

ஒரு பெண் டாக்டரிடம் இதைப் பேச எந்த ஆணும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே ஆண்களிடம் பேசுவது என் வேலையாயிற்று. வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலைக் கொதிக்கவைத்துக் காயவைத்துக் கொடுப்பேன். நான்கு நாள் விலகியிருக்க வேண்டும், பாட்டிலைக் கழுவக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், மடியில் உடம்புச் சூட்டோடு கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். பாட்டில் வந்ததும், எடுத்தது எத்தனை மணிக்கு, வந்தது எத்தனை மணிக்கு என்று மேலே ஒட்டிய சீட்டில் எழுத வேண்டும்.

டவுனுக்குள் இருந்தவர்களுக்கு இது சரி. எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் பஸ் ரோட்டிலிருந்து இரண்டு மைல், மூன்று மைல் உள்ளே இருந்தவர்கள். ஒரு மணி நேரம் என்பதை நான் சொல்வேன், அவர்கள் தலையாட்டுவார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர்களிடம் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். யாரும் அதைச் சொன்னதில்லை.

பஞ்சவர்ணம் முதல்முறை தனியாகத்தான் வந்தாள். இளையாத்தங்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். கல்யாணமாகிப் பத்து வருடம். இரண்டு தடவை கர்ப்பப்பையைச் சுரண்டியாகிவிட்டது. புருஷன் கருப்பையாவுக்குச் சொந்தமாக நிலம், கிணறு எல்லாம் உண்டு. அவருடைய அக்கா தன் மகளையே தம்பிக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்கப் பேச்சை ஆரம்பித்திருந்தார். வைகாசியில் முடித்துவிடலாம் என்பது வரை வந்திருந்தது. கருப்பையா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அதுக்குள்ள ஏதாச்சும் மருந்து குடுங்கம்மா" என்றாள்.

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

எப்படிக் கூட்டி வந்தாளோ, அடுத்த வாரம் அவர் வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நல்ல உயரம், உழைத்த உடம்பு. நான் போய்ப் பேசினேன்.

"எனக்கு என்ன கொறை? நெல்லு மூட்டையை ஒத்தை ஆளாத் தூக்கி வண்டியில போடுவேன்."

"அது வேறண்ணே, இது வேற. பார்த்துட்டா உங்களுக்கும் நிம்மதி."

ரோட்டில் தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு பாட்டிலை வாங்கித் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

நான்கைந்து நாள் கழித்து ஒரு முற்பகலில் பாட்டிலோடு வந்தார். அன்று டாக்டர் பிரசவ அறையில் இருந்தார். வெளியே சளி, மலேரியா என்று இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டிலைச் சுற்றி ஓர் ஈரத்துணி இருந்தது. அதை அவிழ்த்துப் போட்டதுகூட எனக்கு நினைவிருக்கிறது. ஈரத்துணி ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை. சீட்டில் பெயரை எழுதினேன். நேரத்தைக் கேட்கவில்லை.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. வேறு இடங்களிலும் தேடிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. ரிப்போர்ட் எழுதினேன்.

அவர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். "பஸ்ஸு வந்துரும். என்னன்னு சொல்லுங்க."

"டாக்டரம்மா சொல்லுவாங்க. உட்காருங்க."

"நீங்க பாத்தீகள்ல. சொல்றதுக்கு என்ன?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அவர் நின்ற விதத்தைப் பார்த்து மனம் இளகியது என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. உண்மை அதுவல்ல. வரிசை நீளமாக இருந்தது. அவர் போனால் போதும் என்று இருந்தது. "எண்ணிக்கை இருக்குண்ணே. ஆனா எதுக்கும் உயிரு இல்லை" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பஞ்சவர்ணம் தனியாக வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. புருஷன் யாரோடும் பேசுவதில்லை, சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறார் என்றாள். அக்காவிடம் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். காரணம் சொல்லவில்லை. தம்பிக்குப் பெண்டாட்டி ஏதோ மருந்து வைத்துவிட்டாள் என்று அக்கா ஊர் முழுவதும் பேசுகிறார். "எங்கிட்ட மட்டும் சொன்னாக, டாக்டரம்மா. 'கொறை எங்கிட்டத்தான் இருக்கு. நீ உங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரு, உனக்கு வேற வாழ்க்கை அமையும்'னு சொன்னாக. ராவும் பகலும் கெணத்து மேட்டுலயே உக்காந்திருக்காக. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். ரிப்போர்ட் நகலையும் பாட்டிலில் ஒட்டிய சீட்டையும் கேட்டார். மேசை மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவர் ஊர்ல இருந்து பஸ் ரோடு எவ்வளவு தூரம், சண்முகம்?"

"ரெண்டு மைல் இருக்கும்மா."

"பஸ்ல எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்."

"எடுத்தது எத்தனை மணிக்குன்னு கேட்டீங்களா?"

"இல்லைம்மா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். பொழுது விடிந்த உடனே எடுத்தது, நடந்துபோய்ப் பஸ்ஸுக்குக் காத்திருந்து வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று தெரிந்தது. வெயிலில் கெட்டுவிடக் கூடாதே என்று அவள்தான் ஈரத்துணியைச் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பாட்டில்தானே, யார் யார் கை பட்டதோ என்று முதல்நாள் துணி சோப்பு போட்டுக் கழுவியும் வைத்திருக்கிறாள். மிச்சமிருக்கும் சோப்பு ஒன்றே போதும், உள்ளே இருப்பது எல்லாவற்றையும் கொன்றுவிட.

அவளை மறுபடி வெளியே அனுப்பிய பிறகு நான் ஒன்று சொன்னேன். இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். "அம்மா, அந்த ரிப்போர்ட்டாலதான் ரெண்டாங் கல்யாணம் நின்னுருக்கு. அது தப்புன்னு இப்பச் சொன்னா, வைகாசியில அந்தக் கல்யாணம் நடந்துரும். இந்தப் பொண்ணு கதி என்ன ஆகும்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அந்த ஆளு கதி?" என்றார். பிறகு, "இது நாம ரெண்டு பேரும் முடிவு பண்றது இல்லை. தப்பு நம்மளுது. அவங்ககிட்ட சொல்லிரணும்" என்றார்.

பஞ்சவர்ணத்திடம் அவரே சொன்னார். ரிப்போர்ட் தப்பாக இருக்கலாம், கருப்பையாவுக்குக் குறையே இல்லாமலும் இருக்கலாம். இதைக் கேட்டால் அக்கா மறுபடி வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"கொறை கொறைன்னு பத்து வருசமா நாந்தேன் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவுகளுக்கு அது வேணாம்மா. கம்பவுண்டரைப் போய்ச் சொல்லச் சொல்லுங்க."

மறுநாள் நானே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த இரண்டு மைலையும் நடந்தேன். கையில் பாட்டிலோடு அந்த ஆள் எப்படி நடந்திருப்பார் என்பதுதான் வழியெல்லாம் மனதில் ஓடியது. கருப்பையா வயலில் மண்வெட்டியோடு நின்று தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நேரம் கேட்காதது என் தவறு. டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொன்னதும் என் தவறு. மறுபடி சரியாகப் பரிசோதித்தால்தான் உண்மை தெரியும்.

அவர் வாய்க்காலை மண் போட்டு அடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப நான் இந்த ரெண்டு வாரமும் செத்துக் கெடந்தது எதுக்கு?"

கேட்டுவிட்டு, மறுபடி குனிந்து வேலையைப் பார்த்தார். ஒரு பாத்தி முழுக்க நிறையும் வரை நான் நின்றேன். பிறகு, "ஒரு காயிதம் போட்டுருக்கலாம்ல. இம்புட்டுத் தூரம் எதுக்கு நடந்து வந்தீக?" என்றார்.

"வேற யாராவது பிரிச்சுப் படிச்சுருவாங்கன்னுதான்."

அதற்குப் பிறகுதான் அவர் கரையேறி வந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

சரியாகப் பரிசோதிப்பது என்றால் எங்கே? அந்த ஆஸ்பத்திரியில் தாழ்ப்பாள் போட்ட அறை ஒன்றுகூடக் கிடையாது. என் வாடகை வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. என் மனைவி லெட்சுமியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "சனிக்கிழமை சாயங்காலமே வரச் சொல்லுங்க. காலையில நான் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் குன்றக்குடிக்குப் போயிட்டு வர்றேன்" என்றாள்.

அப்படியே நடந்தது. டாக்டரிடம் அனுமதி வாங்கி ஞாயிற்றுக்கிழமை லேபைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். டாக்டரும் வந்திருந்தார். கருப்பையாவும் பஞ்சவர்ணமும் தெருவில் முன்பின்னாக நடந்து வந்தார்கள். பாட்டில் என் கைக்கு வந்தபோது இளஞ்சூடாக இருந்தது. சீட்டில் இரண்டு நேரத்தையும் எழுதினேன். இடையில் ஆறு நிமிடம்.

தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கட்டங்களுக்குள் ஒன்றும் நிற்கவில்லை, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. டாக்டர் பார்த்தார். பிறகு நகர்ந்துகொண்டு, "நீங்களே பாருங்க" என்று கருப்பையாவிடம் சொன்னார்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "இம்புட்டும் எங்குட்டுப் போகுதுக?" என்று மெல்லக் கேட்டார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "பஞ்சு, வந்து பாரு" என்றார்.

அவளும் பார்த்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நிமிர்ந்ததும் டாக்டர் பக்கம் திரும்பி, "அப்ப இனி என்னையப் பாருங்கம்மா" என்றாள்.

கர்ப்பப்பையிலிருந்து போகும் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க அப்போது எங்களிடம் ஒரு வழிதான் இருந்தது. கொஞ்சம் வாயுவை அளந்து உள்ளே செலுத்துவார்கள். குழாய் திறந்திருந்தால் அது வயிற்றுக்குள் போய்விடும், அழுத்தத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் பாதரசம் இறங்கும். அடைத்திருந்தால் ஏறிக்கொண்டே போகும். டாக்டர் திரைக்கு உள்ளே இருப்பார். நான் வெளியே பாதரசத்தைப் பார்த்து எண்ணைச் சொல்வேன். முடிந்ததும் அந்தப் பெண்ணை எழுப்பி உட்காரவைப்பார்கள். வயிற்றுக்குள் போன வாயு மேலே ஏறுவதால் தோள்பட்டையில் சுருக்கென்று வலிக்கும். அந்த வலி வந்தால் நல்ல செய்தி.

பஞ்சவர்ணத்துக்குப் பார்த்த அன்று பாதரசம் ஏறிக்கொண்டே போனது. நான் எண்ணைச் சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்காமல் போனது. டாக்டர் நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தோம். அதே கதைதான்.

"எந்திரிச்சு உக்காருங்க. தோள்பட்டை வலிக்குதா?"

"இல்லைம்மா" என்றாள் பஞ்சவர்ணம். வலிக்கவில்லை என்பதால் எல்லாம் நன்றாக இருப்பதாக நினைத்துவிட்டாள். "கொஞ்சங்கூட வலிக்கலை" என்று இன்னொரு தடவை சொன்னாள்.

டாக்டர் கர்ப்பப்பைக்குள்ளிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்து மருந்தில் போட்டு, பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பினார். இரண்டு வாரத்தில் தபாலில் பதில் வந்தது. காசநோய். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. கர்ப்பப்பையில் சத்தமில்லாமல் இருந்து குழாய்களை அடைத்திருக்கிறது. முன்பு இரண்டு முறை சுரண்டியபோது அந்தச் சதையை யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை.

இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து டாக்டர் சொன்னார். நானும் இருந்தேன், கருப்பையாதான் என்னை இருக்கச் சொன்னார். நோயைக் குணப்படுத்திவிடலாம், தினமும் ஊசி, பிறகு ஒன்றரை வருடம் மாத்திரை. ஆனால் அடைத்த குழாய் திறக்காது. மதராஸுக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாலும் இதைத்தான் சொல்வார்கள். போவதானால் கடிதம் தருகிறேன் என்றார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பஞ்சவர்ணம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பையா கேட்டது ஒன்றுதான்: "ஊசி எங்க போடணும்?"

அவர்களைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன். அவள் பெண்கள் பக்கமாகப் போய் நின்றாள். எனக்கு மனம் கேட்காமல், "அக்கா மறுபடி பேச வருவாங்களேண்ணே" என்றேன்.

"வரட்டும்" என்றார். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அந்த ரெண்டு வாரம் நான் எப்படி இருந்தேன்னு எனக்குத்தான் தெரியும். இவ பத்து வருசம் அப்படி இருந்திருக்கா. நான் ஒரு நாளும் கேட்டதில்லை."

ஊசி போட அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது ஐந்து மைலில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். டாக்டர் அங்கே கடிதம் எழுதினார். மூன்று மாதத்துக்கு மேல், ஒரு நாள் விடாமல், கருப்பையா அவளைச் சைக்கிளில் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டு போனார். ஊர் பார்த்துச் சிரித்தது. அக்கா மகளை வேறிடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தாய்மாமனாக நின்று எல்லாச் செய்முறையும் செய்தவர் கருப்பையாதான். பஞ்சவர்ணத்தின் உடம்பு தேறியது. பிள்ளை பிறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பழைய கட்டில்கள் போட்டிருந்த ஓர் அறையை டாக்டர் காலி செய்யவைத்தார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, ஒரு பானைத் தண்ணீர் வைத்து, தூரத்து ஊர்க்காரர்களுக்கு என்று ஒதுக்கினார். நிர்வாகத்தில் ஒருவர், இதெல்லாம் அசிங்கம் என்று ஆட்சேபித்தார். "பஸ்ல மூணு மணி நேரம் வந்த பாட்டிலை வெச்சு ஒரு குடும்பத்துக்குத் தீர்ப்பு எழுதறது அதைவிட அசிங்கம்" என்றார் டாக்டர். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் தன் ஊர்ப் பக்கமே மாறிப் போய்விட்டார். அறை அப்படியே இருந்தது.

அதற்கும் சில வருடங்கள் கழித்து ஒருநாள் காலையில் வெளியே பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். கருப்பையா நின்றிருந்தார், காதோரம் நரைத்திருந்தது. அவர் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். அந்த ஆளின் மனைவி உள்ளே பஞ்சவர்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்த ஆளோ உள்ளே வர மறுத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

"எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்? ஊருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

கருப்பையா குரலைத் தணிக்கவே இல்லை. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானுந்தேன் குடுத்தேன். எனக்கு எதுவும் உயிரு இல்லைன்னு ரிப்போர்ட்டு வந்துச்சு. தப்பு ரிப்போர்ட்டு. எழுதுனது இந்தா நிக்கிறாரே, இவருதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தப்புன்னு தெரிஞ்ச மறுநாளு, நம்ம வயக்காட்டுக்கே நடந்து வந்து சொன்னாரு. அதனாலதான் உன்னைய இவருகிட்டக் கூட்டியாந்தேன். வாங்கிட்டுப் போ."

அந்த ஆள் என் பக்கம் வந்து கையை நீட்டினார். நான் பாட்டிலைக் கொடுத்தேன்.